ஆறே முக்கால் அடி அகலத்தில் நாற்பது நாள்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியில் பாத்திகள் முழுகிவிட்டால், தை பிறந்து வெயில் ஏறும்வரை எங்கள் எட்டு ஏக்கரும் ஏரிதான். அதனால் சொந்தத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அந்த மூன்று மாதத்தில் நான்தான் போகவேண்டும் என்று ஆகிப்போனது. கிளியனூரில் மாமியாருக்குக் கால் முறிந்தது ஒரு மழைக்காலம். பிரம்மதேசத்துச் சித்திக்குக் கண் ஆபரேஷன் ஒரு மழைக்காலம். "நீதான் சும்மா இருக்கியே" என்பார்கள். சும்மா இருக்க எனக்கு ஒரு மழைக்காலம்கூடக் கிடைத்ததில்லை.

2005ஆம் வருஷத்து மழைக்காலத்தில் என் தங்கை செல்விக்கு முதல் பிரசவம். அவள் இங்கிலாந்தில் நர்ஸ். படகு இஞ்சின் ரிப்பேர் செய்யும் மார்ட்டின் என்ற வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு, வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், கால்வாயில் ஒரு படகிலேயே குடித்தனம் நடத்துகிறாள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடல் வந்து குப்பத்தையெல்லாம் வாரிக்கிட்டுப் போயி முழுசா ஒரு வருஷம் ஆகல. நீ தண்ணி மேல போயிப் படுக்கப் போறியா?" என்றார். அது கடல் இல்லை, கால்வாய் என்றேன். மரக்காணத்தில் எங்கள் வீடு பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தப் பக்கம், அளம் அந்தப் பக்கம். கால்வாய் எனக்குத் தெரியாததா என்ற தைரியம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பின்னால் செய்தது வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். செல்வி பிறந்த ஆறாம் நாள் எங்கள் அம்மா ஜன்னி கண்டு செத்துப்போனாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கார்த்திகை மாதத்து அடைமழை. பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைத்திருந்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் அறையில் நான் மட்டும் இருந்தேன். "மூச்சு முட்டுதுடி, ஜன்னலத் தொற" என்றாள் அம்மா. திறந்தேன். அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. காற்று பட்டுவிட்டது என்றார்கள். யார் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அப்பா அந்த ஜன்னலுக்கு ஆணி அடித்தார். அந்த அறையில் இப்போது கோணி மூட்டைகள் இருக்கின்றன. செல்வியை வளர்த்தது நான்தான்.

போய் இறங்கிய முதல் நாளே வழுக்கி விழுந்தேன். ரயில் நிலையத்திலிருந்து கால்வாய்க் கரையோடு ஒரு மைல் நடக்கவேண்டும். வண்டி போக வழி இல்லை. மார்ட்டின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் என் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கரை முழுக்கச் சேறு. அளத்துச் சேற்றில் இருபது வருஷம் நடந்தவள் நான். ஆனால் அங்கே வெறுங்காலில் நடப்பேன், இங்கே செல்வி கொடுத்தனுப்பிய பூட்ஸ். நான் ஒரு பக்கம் விழுந்தேன், என்னைத் தூக்க வந்தவர் விட்ட வண்டி இன்னொரு பக்கம் விழுந்தது. சுக்கு, திப்பிலி, வசம்பு, மலைப்பூண்டு, எங்கள் அளத்துக் கல்லுப்பு ஒரு பை, சாம்பிராணித் தூபக்கால், எல்லாவற்றையும் சேற்றிலிருந்து பொறுக்கினோம். மணி மூன்றரைதான். அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

படகு ஐம்பது அடி நீளம், ஆறே முக்கால் அடி அகலம். அந்த நாட்டுக் கால்வாயில் படகுகள் நுழைந்து போகும் மதகுகள் அவ்வளவு ஒடுக்கம், அதற்கேற்ற படகு என்றார்கள். கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால் கூடம், அடுத்தது அடுப்படி, அடுத்தது கழிப்பறை, கடைசியில் படுக்கை. ரயில் பெட்டியில் குடித்தனம் நடத்துவதுபோல. இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்பது மாத வயிற்றோடு செல்வி வந்தால் நான் கழிப்பறைக்குள் ஒதுங்கி வழிவிட்டேன். அந்தக் கழிப்பறையில் ஒரு பெட்டி இருக்கிறது, வாரம் ஒருமுறை மார்ட்டின் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. நான்தான் காரணம். மரக்காணத்தில் தோண்டினால் உப்புத் தண்ணீர். குடத்தோடு வரிசையில் நின்றே பாதி வயசு போயிற்று. வெள்ளைக்காரன் ஊரில் திருகினால் கொட்டுகிறதே என்று புடவை, போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். "அக்கா, இது தொட்டித் தண்ணிக்கா. ஒரு மாசத்துக்கு வெச்சிருந்தோம்" என்றாள் செல்வி. தண்ணீர் பிடிக்க வீட்டையே அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நடந்தால் அரை மணி தூரத்துக்குப் படகு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியில் இரண்டு மதகு. என்னைவிடப் பெரிய மரக்கதவை முதுகால் தள்ளித் திறக்கவேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைத் தள்ளவிடவா முடியும்? நான் தள்ளினேன். ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் என் வேலை தண்ணீருக்கு மடை திறப்பதுதான் என்று எரிச்சலாக இருந்தது.

எங்கள் படகுக்கு அடுத்த படகில் ஷீலா இருந்தாள். பெயரைக் கேட்டு நம்ம ஊர்ப்பெண் என்று எட்டிப் பார்த்தேன். பார்த்தால் ஆறடி உயர வெள்ளைக்காரி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், துணைக்கு ஒற்றைக்கண் நாய். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனாலும் தினமும் பேசிக்கொண்டோம். செல்வி நடுவில் இருந்தால் சொல்வாள். முதல் நாள் அவள் கேட்டது, உங்கள் ஊரில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று. மார்கழியில் விடிகாலையில் காதில் துண்டு கட்டுவோம், எட்டு மணிக்கு அவிழ்த்துவிடுவோம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது.

ஏழாம் நாள் வலி எடுத்தது, எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஒன்பதாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியையே ஒரு பிடி பிடித்திருப்பேன். பச்சை உடம்புக்காரி தலையில் ஒரு துணிகூடக் கட்டாமல், பனிக்காற்றில், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கரையில் நடந்து வந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

அன்றிலிருந்து நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. பூண்டுக் குழம்பு, சுக்குக் கஷாயம், மிளகு ரசம். கரையில் நாயோடு நடப்பவர்கள் எங்கள் புகைபோக்கிக்குக் கீழே நின்று மூக்கை உறிஞ்சினார்கள். ஷீலாவுக்கு ஒரு கிண்ணம் பூண்டுக் குழம்பு கொடுத்தேன். ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, மறுநாள் கிண்ணத்தில் வேகவைத்த ஆப்பிள் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரம் திருப்பக்கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. பிறகு தினமும் அந்தக் கிண்ணம் போய் வந்துகொண்டிருந்தது.

படகைச் சூடாக வைப்பது கூடத்தில் இருந்த இரும்புக் கரி அடுப்பு. அதை அணையவே விடக்கூடாது. கூரையில் நான்கு இடத்தில் காற்றுத் துளைகள், வாசற்கதவின் அடியிலும் இரண்டு. வந்த அன்றே மார்ட்டின் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். "இதை மட்டும் மூடாதக்கா, அடுப்பு எரியிற எடம்" என்று செல்வியும் சொன்னாள். தலையாட்டினேன். அந்தத் துளைகளுக்கு நேர்கீழே குழந்தை. கையை வைத்துப் பார்த்தால் ஊசி மாதிரி காற்று இறங்கியது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மார்ட்டின் வேலைக்குப் போனதும், குழந்தைத் துணிக்காக ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய பச்சைப் புடவையைக் கிழித்து ஆறு துளைகளையும் அடைத்தேன். செல்வி திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வருவதற்குள் உருவிவிடுவேன். குழந்தையைப் பார்க்க வரும் மருத்துவச்சி எப்போதும் நேரம் சொல்லிவிட்டுத்தான் வருவாள், அதற்கு முன்னாலும் உருவிவிடுவேன். பத்து நாளோடு அவள் வருவதும் நின்றது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் அடுப்பிலிருந்து நாலு கங்கு எடுத்துத் தூபக்காலில் போட்டுச் சாம்பிராணி காட்டுவேன். முதல் தடவை காட்டியபோது கூரையில் இருந்த வெள்ளை டப்பா கீச்கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டியது. அதன் பாட்டரியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுபடி போடவே இல்லை. இத்தனையும் நான் திருட்டுத்தனமாகச் செய்தேன், பெருமையோடும் செய்தேன். இந்தத் தடவை காற்று உள்ளே வராது.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் கால்வாய் உறைந்தது. காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர்மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. சித்திரையில் பாத்தியில் உப்பு பூப்பதும் இப்படித்தான் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும். வாரிவிடலாமா என்று கை பரபரத்தது. மார்ட்டின் நான் குழம்புக்கு வைத்திருந்த கல்லுப்பை எடுத்து, வழுக்காமல் இருக்க, கரையில் போட்டிருந்த பலகைமேல் தூவிக்கொண்டிருந்தார். உப்பை மிதிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் மிதிபடுவதற்காக உப்பைக் கடல் தாண்டிச் சுமந்து வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. செல்விக்கும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றாள். குழந்தை பாலுக்குக்கூட அழாமல் தூங்கியது. பனி இறங்கிவிட்டது என்று ரசத்தில் மிளகைக் கூட்டினேன். துணி காயப்போட வெளியே போனால் எனக்குத் தலைவலி விட்டுவிடும். நடந்தால் ரத்தம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் குளிர் அதிகம். அடுப்பில் கரியை நிரப்பினேன். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி, கங்கு எடுத்து, சாம்பிராணி காட்டி, தூபக்காலை அப்படியே கட்டிலுக்கு அடியில் வைத்தேன், அவர்களுக்குச் சூடாக இருக்கட்டும் என்று. கூடத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் இருந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. யாரோ கூரையைத் தட்டினார்கள். ஷீலாவாக இருக்கும், கிண்ணம் கொண்டுவந்திருப்பாள், போய்த் திறக்கவேண்டும் என்றும் நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தட்டியும் பதில் வராமல், ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு, அவளே கதவைத் திறந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது முகத்தில் அறைந்த குளிர்காற்று. ஆறடிப் பெண் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். குழந்தையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்ப வந்து செல்வியை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். நான் பலகையைப் பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்து, உப்புத் தூவிய அந்தப் பலகைமேல் குப்புறக் கிடந்தேன். குழந்தையின் சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. பிறகு அது அழுதது. நான் என் வாழ்நாளில் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிட்டது. அந்தச் சேற்றுக் கரையில் மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். கரி எரியும்போது வாசனை இல்லாத ஒரு விஷம் வருமாம், போக வழி இல்லாவிட்டால் ஆளைத் தூங்கவைத்தே கொண்டுபோய்விடுமாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். செல்வி எனக்கு மிச்சத்தைச் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொன்னாள்.

மார்ட்டின் படகுக்குப் போய்விட்டு வந்தார். கையில் பச்சைப் புடவைத் துண்டுகள் ஆறு. என் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். அவர் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதைச் செல்வி பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னாள்: "எனக்குக் கோபமா இருக்குது அக்கா. கொஞ்ச நாளைக்கு இருக்கும். அப்புறம் போயிடும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் வெளியே போனதும் செல்வி கேட்டாள், "படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கா. ஏன் அடைச்ச?"

முப்பத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னேன். அம்மா கேட்டதை, நான் ஜன்னலைத் திறந்ததை, அப்பா ஆணி அடித்ததை. உன் அம்மாவைக் கொன்றவள் நான்தான், உனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் அடைத்தேன் என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

 செல்வி நர்ஸ் குரலில், யாரோ நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள். "அம்மாவுக்கு வந்தது கிருமிக்கா. பிரசவம் பாத்த கையிலருந்து வர்றது. உள்ள ரெண்டு மூணு நாள் இருந்துட்டுத்தான் காச்சல் காட்டும். காத்தால வர்றதில்ல. நீ ஜன்னல் பக்கமே போகாம இருந்திருந்தாலும் அம்மா போயிருப்பாங்க."

பிறகு, "கரிச்சட்டி எங்க இருந்துச்சுன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில."

"நான் எங்க இருந்தேன்?"

"அம்மா பக்கத்துல. கட்டில்லதான்."

"கதவு?"

"எல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு."

அவள் எழுந்து, மூக்கு மூடியின் ட்யூபையும் இழுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். "அம்மா ஏன் மூச்சு முட்டுதுன்னாங்கன்னு இன்னுமா தெரியல உனக்கு? நீ அன்னிக்கு ஜன்னலத் தொறக்கலன்னா நான் இல்லக்கா."

நான் அழுதேன். அம்மா செத்தபோது அழாத அழுகை. செல்வி என் காதில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என்னிடமே கொடுத்தாள், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

நாற்பது நாள் முடியும்வரை இருந்தேன். துளைகள் ஆறும் திறந்தே இருந்தன. நான் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். குழந்தை எனக்கிருந்த பயத்தையெல்லாம் கேலி செய்வதுபோல் கொழுத்தது. அடுத்த மாதம் மார்ட்டின் ஒருநாள் காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், கோபம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஷீலா விடைகொடுக்க ரயில் நிலையம்வரை வந்தாள், தள்ளுவண்டியை அவளே தள்ளினாள். எங்களுக்குள் போய் வந்த கிண்ணம் தெரியாத்தனமாக என் பெட்டியில் வந்துவிட்டது என்று செல்வியிடம் சொன்னேன். அதில் தூபக்காலைப் பொதிந்து வைத்திருந்தேன்.

மரக்காணம் வந்து சேர்ந்தபோது அளத்தில் மிதி ஆரம்பித்திருந்தது. பாத்தியின் தரையைக் கெட்டிப்படுத்த ஆட்கள் வரிசையாகக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இங்கிலாந்து எப்படி என்று கேட்டார். குளிர் என்றேன். ஒரு கடப்பாரை வேண்டும் என்றும் கேட்டேன்.

அம்மா அறை ஜன்னலின் ஆணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன. மூட்டைகளை நகர்த்தவே அரை மணி நேரம் பிடித்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. வியர்க்க வியர்க்க நெம்பிக் கொடுத்தார். ஒரு கதவு கையோடு வந்துவிட்டது, இன்னொன்று பாதி திறந்தது. மிச்சத்தைத் தச்சர் வந்து பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்வி போன் செய்கிறாள். குழந்தை எப்படி என்று கேட்பதற்கு முன்னால், தொளையெல்லாம் தொறந்திருக்குதா என்றுதான் கேட்கிறேன்.

"தொறந்திருக்குதுக்கா" என்கிறாள். "உன்னுது?"

"தொறந்துதான் இருக்குது" என்கிறேன்.